பெயர் சுட்டாச் சான்று: நுண்ணுணர்வாளர் காதல் குறித்த ஆவணப்படங்களும் அகமரபின் காட்சிமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

நுண்ணுணர்வாளர் எனப்படுவோரின் வாழ்வையும் காதலையும் மையமாகக் கொண்டு 2015 முதல் அமெரிக்காவில் வெளிவந்த படங்களை இக்கட்டுரை அகமரபின் துணைகொண்டு வாசிக்கிறது. ஆவணப்படம் முகத்தையும் பெயரையும் சான்றாகக் கேட்கும் வடிவம். அகம் காதலரின் பெயரை விலக்கிய வடிவம். நுண்ணுணர்வைக் காதலரின் இயல்பாக மட்டும் கொள்ளாமல், காண்போரின் தகுதியாகக் கொள்வது தமிழ்க் கவிதையியலின் நிலைப்பாடு என்பதும், நரிக்குடி போன்ற வறண்ட நிலத்துச் சிற்றூர்களில் காதலைப் படமாக்க முனைவோர்க்கு அந்நிலைப்பாடு நடைமுறைப் பயன் தரும் என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நுண்ணுணர்வு, ஆவணப்படம், மெய்ப்பாடு, பெயர் சுட்டாமை, நெடுநல்வாடை, நரிக்குடி

முன்னுரை

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1996இல் வெளியிட்ட நூலொன்றின் வழியாக 'உயர் நுண்ணுணர்வு கொண்டவர்' என்னும் கருத்தாக்கம் பொது வாசகரிடையே பரவியது. மறு ஆண்டில் அவரும் அவருடைய கணவர் ஆர்தர் ஆரனும் இணைந்து, இவ்வியல்பை அளப்பதற்கான 27 வினாக்கள் கொண்ட அளவுகோலை ஆய்விதழில் வெளியிட்டனர். பெறும் செய்தியை ஆழ்ந்து அலசுதல், ஒலி ஒளி முதலிய தூண்டல்கள் மிகும்போது எளிதில் களைத்துப்போதல், பிறர் உணர்ச்சிக்கு மிகுதியும் எதிர்வினை புரிதல், நுட்பமான மாற்றங்களையும் கண்டுணர்தல் ஆகிய நான்கும் இவ்வியல்பின் கூறுகளாகக் கூறப்படுகின்றன. இது நோயன்று, பிறவியிலேயே அமையும் இயல்பு வேறுபாடு என்பது ஆரனின் கொள்கை. மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காட்டினர் இத்தகையோர் என்பது அவர் கணிப்பு. 2018இல் லியோனெட்டி, புளூஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு மனிதரை இருவகையாகப் பிரிக்காமல் மூவகையாகப் பிரித்தது: மிகு உணர்வினர் ஏறத்தாழ 31 விழுக்காடு, இடைநிலையினர் 40, குறை உணர்வினர் 29. ஆர்க்கிட், டியூலிப், டான்டெலியன் என மூவகைக்கும் மலர்ப்பெயர்களே இடப்பட்டன.

மலர்ப்பெயர் என்றவுடன் தமிழ் ஆய்வாளர் நெஞ்சில் அனிச்சம் தோன்றாதிருக்க வாய்ப்பில்லை. அவ்வளவில் நின்று, ஆரன் சொன்னதை வள்ளுவர் முன்பே சொல்லிவிட்டார் என்று எழுதிவிடுவதும் எளிது. அத்தகைய கட்டுரைகள் நம் துறையில் போதுமான அளவு உள்ளன. இக்கட்டுரையின் நோக்கம் அதுவன்று. உளவியல் கூறும் நுண்ணுணர்வு தனிமனித வேறுபாட்டைப் பற்றியது; ஒருவருக்கு இருப்பது மற்றவருக்கு அதே அளவில் இராது என்பதே அதன் அடிப்படை. தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு சூழலையும் கூற்று மாந்தரின் நிலையையும் பற்றியது. களவில் நிற்கும் எந்தத் தலைவிக்கும் அது உரியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இரண்டையும் பிழைபடப் புரிந்துகொள்வதாகும். ஆயினும், ஒருவர் நெஞ்சுக்குள் நிகழ்வதைப் பிறர் அறிய எவ்வாறு காட்டுவது என்னும் சிக்கல் இருவர்க்கும் பொது. அச்சிக்கலை ஆவணப்படம் ஒரு வகையில் தீர்க்கிறது. அகமரபு வேறொரு வகையில் தீர்த்தது. ஒப்பீடு இங்குத்தான் பொருளுடையதாகிறது.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. இவ்வியல்பினரை 'உணர்ச்சிவசப்படுபவர்' என மொழிபெயர்ப்பது பொருந்தாது. அது தன்வயமிழத்தலைக் குறிக்கும். 'மெல்லுணர்வாளர்' என்பது வலிமையின்மையை உட்கொண்டிருக்கிறது. நரிக்குடி, திருச்சுழி வட்டாரப் பேச்சு வழக்கில் இத்தகையோரைக் குறிக்கப் பெரிதும் வழங்குவது 'தொட்டாச்சிணுங்கி' என்னும் சொல். அது ஏளனச் சொல். தொட்டாற்சுருங்கிச் செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதையும், இவ்வட்டாரக் கண்மாய்களை மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலும் அக்கண்டத்தது என்பதையும் இடைப்பிறவரலாகக் கூறலாம். 'இளகுன மனசு' என்பது பரிவுச் சொல். ஆனால் அது இரக்கத்தை மட்டுமே சுட்டும். எனவே 'நுண்ணுணர்வாளர்' என்பதே இங்குக் கையாளப்படுகிறது.

மூன்று படங்கள்

வில் ஹார்ப்பர் இயக்கிய 'சென்சிடிவ்: தி அன்டோல்ட் ஸ்டோரி' 2015இல் வெளிவந்தது. எலைன் ஆரனும் பாடகர் அலனிஸ் மோரிசெட்டும் இதில் தோன்றுகின்றனர். இது வழக்கமான விளக்க ஆவணப்படம்: ஆய்வாளர் பேசுவார், அனுபவமுடையோர் தம் கதை கூறுவர், இடையிடையே ஆய்வு முடிவுகள் விளக்கப்படும். புகழ்பெற்ற ஒருவர் தம்மையும் இவ்வியல்பினர் என வெளிப்படையாக அறிவிப்பதே படத்தின் வலிமை. முகமும் பெயரும் கொண்ட ஒப்புதல் வாக்குமூலமாக அது அமைகிறது.

காதல் என வரும்போது அதே குழுவினர் வழிமாறினர் என்பது கவனத்துக்குரியது. 2020இல் அவர்கள் வெளியிட்டவை இரண்டு படங்கள். முதலாவது 'சென்சிடிவ் அண்ட் இன் லவ்' என்னும் கதைப்படம், நடிகர்கள் நடித்தது. இரண்டாவது 'சென்சிடிவ் லவ்வர்ஸ்' என்னும் ஆவணப்படம். இதில் எலைன் ஆரனும் ஆர்தர் ஆரனும் நுண்ணுணர்வும் காதலும் பற்றிய ஆய்வுகளைப் பேசுகின்றனர். அக்கதைப்படத்தின் காட்சிகளை எடுத்துக்கொண்டு விளக்கமும் தருகின்றனர். அதாவது, காதலைப் பற்றிய ஆவணப்படம் எடுக்க முனைந்தவர்கள் முதலில் ஒரு புனைவை உருவாக்கி, பின்னர் அதற்கு உரை கூறினர்.

தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. மூலமும் உரையும் என்பதே அது. புனைவுத் தலைவனும் தலைவியும் பேசுவர். உரையாசிரியர் இன்ன துறை, இன்ன மெய்ப்பாடு, இன்ன பயன் எனக் குறிப்பார். நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே புலனெறி வழக்கம் அமையும் எனத் தொல்காப்பியம் கூறுவதன் தேவை இப்படத்தொகுதியால் மீண்டும் விளங்குகிறது. உலகியலை மட்டும் கொண்டு காதலின் உட்பகுதியை அணுகும்போது, கேமரா முன் அமர்ந்த இணையர் தம் துணையைப் புண்படுத்தாமல் உண்மை பேசவியலாத நிலை ஏற்படும். நுண்ணுணர்வாளர்க்கு இந்நெருக்கடி இருமடங்கு. தம் சொல்லால் எதிரிலிருப்பவர் முகம் மாறுவதை முதலில் கண்டுகொள்வோரும் அவர்களே.

முகமாற்றத்துக்கு இவ்வியல்பினர் எவ்வளவு எதிர்வினை புரிகின்றனர் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பியான்கா அசெவெடோ முதலியோர் 2014இல் வெளியிட்ட மூளைப் படப்பதிவு ஆய்வில், மணமான 18 பேருக்கு அவரவர் துணையின் முகமும் அயலார் முகமும் மகிழ்ச்சி, துயர், இயல்பு ஆகிய நிலைகளில் காட்டப்பட்டன. நுண்ணுணர்வு மிகுந்தோரிடம் கவனம், பிறருணர்வறிதல் ஆகியவற்றோடு தொடர்புடைய மூளைப்பகுதிகள் மிகுதியாகச் செயற்பட்டன. ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை சிறிது என்பதால் இதன்மேல் பெருங்கட்டடம் எழுப்பக்கூடாது. ஆனால் ஆய்வாளர் தேர்ந்த பொருள் முகம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருக்குறளில் அனிச்சம் வருமிடங்கள் நான்கு. மூன்று (1111, 1115, 1120) நலம் புனைந்துரைத்தலில், தலைவியின் மென்மையைப் புகழ்வதற்காக வருகின்றன. எஞ்சிய ஒன்று (90) விருந்தோம்பலில் வருகிறது. மோந்தால் வாடும் அனிச்சத்தைவிட, விருந்தளிப்பவரின் முகம் சிறிது மாறினாலே விருந்தினர் வாடுவர் என்பது கருத்து. காமத்துப்பால் அனிச்சம் உடலைப் பற்றியது. நுண்ணுணர்வு பற்றிப் பேசுவது அறத்துப்பால் அனிச்சமே. அங்கு வள்ளுவர் வாடுபவரைத் திருத்த முற்படவில்லை; முகம் திரிபவரையே நோக்கிப் பேசுகிறார்.

உணரும் திறன் யாருடையது

மெய்ப்பாட்டியல் களவுக்கால நிகழ்ச்சிகளை நிரல்படக் கூறும்போது பெரிதும் புறத்தே காணத்தக்க சிறு செயல்களையே தருகிறது: நெற்றி வியர்த்தல், எழும் சிரிப்பை மறைத்தல், தன் உள்ளம் சிதைந்ததைப் பிறர் அறியாமல் காத்தல், ஒரு காதணியைக் கழற்றி வீழ்த்துதல், உடையைக் குலைத்து மீண்டும் உடுத்தல். இவற்றுள் எதுவும் 'நான் இவ்வாறு உணர்கிறேன்' என்னும் கூற்று அன்று. ஆரன் அளவுகோலின் 27 வினாக்களும் தன்னைப் பற்றித் தானே அளிக்கும் விடையை வேண்டுபவை. மெய்ப்பாட்டு நிரலோ பார்ப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட பட்டியல். காதணி கழன்று விழுந்ததைக் காண்பவர் ஒருவர் இல்லையெனில் அச்செயலுக்குப் பொருளில்லை.

இவ்வியலின் இறுதி நூற்பா இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. கண்ணாலும் செவியாலும் உறுதிபட உணரும் உணர்வுடைய மாந்தர்க்கு அல்லாமல் மெய்ப்பாட்டின் பொருளை எண்ணிக் கொள்ளுதல் அரிது என்பது அதன் கருத்து. நுண்ணுணர்வுக்குத் தொல்காப்பியர் தரும் அடைமொழி மென்மை சார்ந்ததன்று, திண்மை சார்ந்தது. 'தொட்டாச்சிணுங்கி' என்னும் ஊர்ச்சொல்லுக்கும் இதற்குமுள்ள தொலைவு பெரிது. அவ்வுணர்வை அவர் முதன்மையாகக் காதலரிடம் வேண்டவில்லை, காண்போரிடம் வேண்டுகிறார் என்பது அதனினும் முதன்மையானது.

இறையனார் களவியல் உரை கூறும் வரலாறு இந்நிலைப்பாட்டின் கதைவடிவம் எனலாம். பாண்டிய நாட்டில் பன்னீரியாண்டு வற்கடம் நேர்ந்தது, மக்கள் சிதறினர், மழை பெய்து நாடு மீண்டபின் எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர், பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். இறைவன் அறுபது நூற்பா அருளினான். புலவர் பலரும் உரை கூறினர். எது மெய்யுரை எனத் தேர, உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் அமர்த்தப்பட்டான். அவன் ஐயாட்டைப் பருவத்தான், வாய் பேசாதவன். மருதன் இளநாகனார் உரைத்தபோது ஒரோவிடத்துக் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது பதந்தோறும் அவ்வாறாயினான். இதன் வரலாற்று உண்மை பற்றி இங்கு வினா எழவில்லை. களவொழுக்கம் பற்றிய உரையின் மெய்ம்மையை அளக்க, காதலித்தறியாத, பேசவியலாத சிறுவனின் உடலை அளவுகோலாக வைத்துள்ள துணிவே நோக்கத்தக்கது. அவனிடம் யாரும் வினாத்தாள் நீட்டவில்லை. அவன் அழுததை அவையிலிருந்தோர் கண்டனர், அதுவே சான்றாயிற்று.

ஆவணப்படக் கோட்பாட்டின் மொழியில் சொல்வதாயின், சான்றளிக்கும் கடமை பேசுபவரிடமிருந்து பார்ப்பவருக்கு மாற்றப்படுகிறது. ஆரன் வழிப் படங்கள் 'நான் நுண்ணுணர்வாளர்' என அறிவிக்கும் துணிவை ஒருவர்க்கு அளிக்கின்றன. அது சிறிய கொடையன்று. நெடுங்காலம் தம்மைக் குறைபாடுடையோர் எனக் கருதிவந்தோர்க்கு ஒரு பெயர் கிடைப்பது ஆறுதலே. ஆனால் அறிவிப்பு நிகழ்ந்தபின் பார்வையாளர்க்குச் செய்ய அதிகமில்லை. மெய்ப்பாட்டு முறையில் பார்வையாளர் உழைக்க வேண்டும்.

ஒரு வேப்பந்தழை

அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டினால் பாட்டு அகத்தின் எல்லையைக் கடந்து புறமாகும். இவ்விதி எவ்வளவு நுட்பமாகக் கையாளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. தலைவி பிரிவால் வருந்துகிறாள். தலைவன் பாசறையில் இருக்கிறான். யார் பெயரும் சொல்லப்படவில்லை. ஆயினும் பாசறையிலுள்ள வேலில் வேப்பந்தழை கட்டப்பட்டிருக்கிறது; வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாளப்பூ. அடையாளம் தெரிந்துவிட்டதால் இதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர். பாட்டு முழுதும் அகவுணர்வே நிறைந்திருக்க, ஒரு தழை அதன் திணையை மாற்றிவிட்டது.

பின்வந்த அறிஞர் பலர்க்கு இம்முடிவு மிகக் கண்டிப்பானதாகத் தோன்றியிருக்கிறது. ஆவணப்படத்தோடு வைத்து எண்ணும்போது நச்சினார்க்கினியரின் கண்டிப்பு நியாயமாகவே படுகிறது. படத்தில் ஒருவர் முகத்தை மங்கலாக்கி, குரலை மாற்றி, பெயரை மறைத்துவிட்டால் அவர் காக்கப்பட்டார் எனப் படமெடுப்போர் கருதுவதுண்டு. பின்னால் தெரியும் கோயில் வளைவு, கையில் பச்சை குத்திய எழுத்து, வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வண்டி ஆகிய எதுவும் வேப்பந்தழை ஆகிவிடும். பெருநகரில் அது தப்பலாம். நரிக்குடியில் தப்பாது.

இது வெறும் கோட்பாட்டுக் கவலையன்று. சாதி கடந்து மணம் புரிவோர்க்கு நேரும் வன்முறையைக் கருத்திற்கொண்டு, 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைத்தல், பாதுகாப்பு இல்லங்கள் ஏற்படுத்துதல் முதலிய நெறிகளை வகுத்தது. காதலரின் இருப்பிடத்தை மறைப்பதே உயிர்காக்கும் செயலாக உள்ள நாட்டில், அவர்களைப் படமெடுக்க விழைபவர் பெயர் சுட்டாமையைப் பழைய இலக்கிய மரபு என ஒதுக்கவியலாது.

ஆயினும் அகமரபு எல்லாப் பெயரையும் விலக்கவில்லை. மாமூலனார் அகநானூற்றில் நந்தரையும் மோரியரையும் குறிப்பிடுகிறார்; பரணர் பாட்டில் வேந்தரும் போர்க்களங்களும் நிறைந்துள்ளன. இவை உவமையிலும் சூழல் விரிப்பிலும் வருவன. காதலர் இருவர் மட்டுமே பெயரற்றோர். அவரைச் சுற்றியுள்ள உலகம் முழுதும் பெயருடையது. ஆவணப்படம் பின்பற்றத்தக்க பங்கீடு இது. ஆண்டு, மழையளவு, கூலி, நீதிமன்ற ஆணை ஆகியவற்றைப் பெயரோடு கூறலாம். ஆவணத்தன்மை அவற்றில் நிற்கும். இருவர் மட்டும் தலைவனும் தலைவியுமாக இருப்பர்.

அண்மைக்கால இந்திய ஆவணப்படம் ஒன்று இப்பங்கீட்டைத் தானாகவே கண்டடைந்துள்ளது. பாயல் கபாடியாவின் 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' 2021இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான தங்கக் கண் விருது பெற்றது. திரைப்படக் கல்லூரி மாணவி ஒருத்தி, சாதி வேறுபாட்டால் தன்னிடமிருந்து பிரிக்கப்பட்ட காதலனுக்கு எழுதும் கடிதங்களே படத்தின் குரல். அவள் 'எல்' என்னும் ஓரெழுத்தால் மட்டுமே அறியப்படுகிறாள். கடிதங்கள் புனைவு, அவற்றைச் சூழ்ந்து வரும் மாணவர் போராட்டங்கள் உண்மை. காதலி பெயரற்றவள், போராட்டம் பெயருடையது. அகத்துக்கு உரியது அகமாகவும் புறத்துக்கு உரியது புறமாகவும் ஒரே படத்தில் நிற்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து வேறொரு எடுத்துக்காட்டு. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' (2022) 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது; முதுமலையில் தாயிழந்த யானைக்கன்றுகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி இருவரைப் பற்றியது. அவர்கள் மணம் புரிவதும் படத்துள் வருகிறது. இருவரும் பெயரோடும் முகத்தோடும் வருகின்றனர். எனவே விதிப்படி இது புறம். ஆனால் அவர்களுடைய அன்பு வெளிப்படும் முறை வேறு. காதலைப் பற்றி அவர்கள் பேசுவது குறைவு. கன்றுக்குப் பாலூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் ஒருவர் கையசைவை மற்றவர் எதிர்பார்ப்பதில் அது தெரிகிறது. கருப்பொருளின் வழி உரிப்பொருள் புலப்படுகிறது.

கலித்தொகைப் பாலைப் பாடலொன்றில் (11) கன்று கலக்கிய சிறிதளவு நீரை முதலில் பிடிக்கு ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்ணும் களிறு வருகிறது. தான் செல்லும் காட்டில் இத்தகைய அன்புக் காட்சிகள் உண்டெனத் தலைவன் கூறியதை நினைந்து, அவற்றைக் கண்டால் அவன் மீள்வான் எனத் தலைவி ஆறுகிறாள். விலங்கின் அன்பைக் கூறிப் பிரிந்தோரை ஆற்றுவிக்கும் இவ்வுத்தியைப் பெருங்கடுங்கோ பாலைக்கே வைத்தார். நீர் குறைந்த நிலத்தில்தான் யார் முதலில் குடிக்கிறார் என்பது அன்பின் அளவாகிறது.

நரிக்குடி நிலத்தில்

நரிக்குடி, விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி வட்டத்தில் உள்ளது. மானாமதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் செல்லும் இருப்புப்பாதை இவ்வூரையும் திருச்சுழியையும் தொட்டுச் செல்கிறது. ஆற்றுநீரை நம்பவியலாத கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும் இந்நிலத்தின் வேளாண்மை. பருத்தியும் மிளகாயும் சிறுதானியமும் விளையும். மழை பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுதல் வாழ்வாதாரமாகும். வேலை தேடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்வோர் பலர். பிரிவு இங்குத் திணை இலக்கணமாக மட்டும் இல்லை.

ஆரன் வழி நூல்களும் படங்களும் நுண்ணுணர்வாளர்க்குக் கூறும் அறிவுரைகளுள் தலையாயது தனிமை: களைப்புறும்போது தம் அறைக்குச் சென்று ஓய்தல், அதனைத் துணையிடம் முன்கூட்டியே தெரிவித்தல். இவ்வறிவுரை அறைகள் கொண்ட வீட்டை முன்னிறுத்துகிறது. முன்கட்டு ஒன்று, அடுப்படி ஒன்று என அமைந்த வீட்டில் மாமியாரும் கொழுந்தனும் குழந்தைகளும் உடனிருக்க, புதிதாக மணமான பெண் தனக்கு அமைதி வேண்டும் எனக் கூறினால் அது கோபம் எனவே கொள்ளப்படும். முளைப்பாரித் திருவிழாவின்போது கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி விடியுமுன் தொடங்கி நள்ளிரவு வரை பாடும். அதனைத் தாங்கவியலாதவர் என்ன செய்வார்? ஆண் எனில் கண்மாய்க்கரைக்குப் போய்விடலாம். பெண் விறகு பொறுக்குவதாகவோ ஆடு மேய்ப்பதாகவோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டுதான் போகவேண்டும். தினைப்புனம் காத்தலும் புனலாடலும் அகப்பாடல்களில் வெறும் பின்னணி அல்ல, வெளியேறுவதற்கான காரணங்கள் என்பதை இவ்வீடுகளை அறிந்தோர் உடனே உணர்வர். உளவியலார் தனி அறை என்பதை இந்நிலத்து வழக்கில் 'ஆடு பத்திக்கிட்டுப் போறது' என மொழிபெயர்க்க வேண்டும்.

பெயர் சுட்டாமையும் இங்கு இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. முதிய பெண்கள் கணவர் பெயரை வாயால் கூறுவதில்லை. 'அவுக', 'இவுக', 'எங்க வீட்டுக்காரக' என்பர், அல்லது மூத்த பிள்ளையின் பெயரோடு 'அப்பா' சேர்த்துச் சொல்வர். அடுத்த தலைமுறையில் இது தளர்ந்துள்ளது. கைப்பேசியில் பெயரிட்டுப் பதியாமல் முடியாது. தெம்மாங்குப் பாடல்களிலும் காதலன் மாமனாகவும் மச்சானாகவும் வருவானே தவிரப் பெயரோடு வருவது அரிது. ஆணாதிக்க வழக்கம் என இதனைத் தள்ளுவோர் கூற்றில் உண்மை உண்டு. பெயர் சொல்லாமை மனைவிக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. ஆனால் அவ்வழக்கம் ஒரு சொல்லாட்சிமுறையையும் வளர்த்துள்ளது. 'அவுக' என்பதை ஒருத்தி எத்தனை விதமான குரலில் சொல்கிறாள் என்பதைக் கேட்டு, அன்றைக்கு அவ்வீட்டில் நடந்தது என்ன என்பதை அண்டை வீட்டுப் பெண் அறிந்துகொள்வாள்.

அண்டை வீட்டுப் பெண்ணே இங்குத் தோழி. சிற்றூரில் ஒருவரைத் தனியே அமர்த்திப் பேட்டி காணல் ஏறத்தாழ நடவாத செயல். கேமராவுக்குப் பின்னே உறவினர் கூடிவிடுவர். படமெடுப்போர் இதனைத் தடையாகக் கருதுகின்றனர். அகப்பாடலில் தலைவி தன் துயரை நேரே தலைவனிடம் கூறுவது குறைவு. தோழி கூறுவாள்; செவிலி ஐயுறுவாள்; வழியிடைக் கண்டோர் வியப்பர். காதலர் இருவரையும் பேசவிடாமல் அவர்களைச் சுற்றியுள்ளோரைப் பேசவைத்துக் காதலைக் காட்டும் கூற்றுமுறை, கூட்டத்தின் நடுவே வாய்திறவாத நுண்ணுணர்வாளர்க்கு மிகவும் ஏற்றது. படமெடுப்பவர் தோழியைத் தேடவேண்டும், தலைவியை அன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மெய்ப்பாட்டியல் காதலர்க்கிடையே வேண்டும் ஒப்புமை பத்தினைக் கூறுகிறது. பிறப்பும் குடிமையும் திருவும் அப்பட்டியலில் உண்டு. அருளும் உணர்வும் உண்டு. அடுத்த நூற்பா, இருக்கக்கூடாதனவற்றுள் வன்சொல்லையும் மறதியையும் வைக்கிறது. இன்று இவ்வட்டாரத் திருமணப் பேச்சில் முதல் மூன்றும் நுணுகி ஆராயப்படுகின்றன. உணர்வு ஒத்திருக்கிறதா என்று கேட்பார் இல்லை. அப்படிக் கேட்பதற்கான சொல்லும் வழக்கில் இல்லை. 'சாதகம் பொருந்துச்சா' என்ற கேள்வியே அவ்விடத்தையும் நிரப்பிவிட்டது. நுண்ணுணர்வாளர் குறித்த படங்கள் தமிழில் உருவாவதன் தேவையை நான் காணுமிடம் இதுவே. இயல்புக்கு அறிவியற்பெயர் சூட்டுவது இரண்டாவது. பொருத்தத்தின் பட்டியலில் உணர்வு ஒருகாலத்தில் இருந்தது என்பதை நினைவூட்டுவது முதலாவது.

வினைவலர்

அகமரபைப் பின்பற்றுக என்று கூறுபவர் அதன் வரம்பையும் கூறியாக வேண்டும். அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தது. கைக்கிளையும் பெருந்திணையுமே அவர்க்கு உரியன என உரையாசிரியர் விளக்கினர். பிறர் ஏவலில் நிற்போர்க்கு அறம் பொருள் இன்பம் வழுவாமல் ஒழுகுதல் அரிது என்பது அவர்கள் கூறும் காரணம். காதலில் நுண்ணுணர்வு ஓய்வுடையார்க்கே உரியது என்னும் எண்ணம் இதில் மறைந்துள்ளது. தனி அறை வைத்திருப்போரை நோக்கிப் பேசும் அமெரிக்கப் படங்களிலும் அதே எண்ணம் வேறு உருவில் உண்டு. இவ்விடத்தில் இரண்டு மரபுகளும் ஒத்துப்போகின்றன. இரண்டையும் நாம் ஏற்கவேண்டியதில்லை.

நரிக்குடிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை செய்யும் இணையரை எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய கருவேல விறகைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போட்டு மண்ணால் மூடி, உள்ளே நெருப்பிடுவர். மூட்டம் நாட்கணக்கில் கனலும். மண் பிளந்து ஓட்டை விழுந்தால் காற்று புகுந்து விறகு சாம்பலாகிவிடும். புகையின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு அதனை அறிந்து உடனே அடைக்க வேண்டும். எனவே இரவிலும் ஒருவர் விழித்திருப்பார், ஒருவர் உறங்குவார், பின் முறை மாறும். நுட்பமான மாற்றத்தைக் கண்டறிதல் என உளவியலார் கூறும் திறன் இங்குக் கூலிக்குரிய தொழிற்றிறன். இவ்விருவரும் தம்மைப் பற்றி எந்த வினாவுக்கும் விடை கூறமாட்டார்கள். முறைமாற்றும் நேரத்தில் யார் யாரை எழுப்புகிறார், யார் எழுப்பாமலே மற்றவர் முறையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார் என்பதை அறிய, ஒளிப்பதிவாளர் பல இரவுகள் அம்மூட்டத்தின் அருகே விளக்கின்றித் தங்கவேண்டியிருக்கும்.